மூன்று துறை மருமகள்

அவள் இயற்பியலில் பிறந்து, உயிரியலுக்கும் போக்குவரத்துப் பொறியியலுக்கும் வாழ்க்கைப்பட்டவள் என்பது பல்கலைக்கழக கேன்டீனின் பழைய கேலி. 'மருமகள்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. மரியாதையும் அப்படித்தான். வேலைக்கு எல்லா வீடும் கூப்பிடும், பந்திக்கு ஒரு வீடும் கூப்பிடாது. அவள் நாற்காலி மாடிப்படிக்குக் கீழே, ஓடாத பிரின்டர்களுக்கு நடுவில். சோதனைக் குழாயைத் தொட்டதே இல்லை; கையில் காகிதமும் பேனாவும் மட்டும்தான்.

இந்த முறை கேலி கழுத்துக்கே வந்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் ஏதாவது ஒரு துறை அவளைத் தன் ஆள் என்று சொல்லாவிட்டால் வேலை நீட்டிப்பு இல்லை என்றார் டீன். மூன்று துறைத் தலைவர்களும் அடுத்த துறையைக் கை காட்டினார்கள். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் வைத்தால் இப்படித்தான் என்று அக்கா திட்டினாள்.

ஞாயிறன்று வீடு நிறைய ஆட்கள். சமையலறையிலிருந்து நாத்தனார் "அண்ணி" என்றாள். கூடத்திலிருந்து அக்கா மகன் "சித்தி" என்றான். மாடியிலிருந்து கொழுந்தனார் மகள் "பெரியம்மா" என்று கத்தினாள். மூன்று குரலுக்கும் எழுந்தது ஒரே ஆள். எழுந்தவள் எழுந்தபடியே நின்றுவிட்டாள்.

புனலில் மணல் அடைத்துக்கொள்வதை அளக்க இயற்பியலில் ஒரு எண் உண்டு. வாசலில் கூட்டம் நெரிவதற்குப் பொறியியலில் வேறொன்று. புண் ஆறும்போது செல்கள் இடுக்கில் சிக்குவதற்கு உயிரியலில் இன்னொன்று. இத்தனை வருஷமும் அவள் மூன்றையும் தனித்தனியாகக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். கூப்பிடுகிறவர்கள்தான் வேறு, ஆள் ஒன்றுதானே!

"அண்ணிக்கு மறுபடி கணக்குப் பித்து பிடிச்சிடுச்சு" என்று சொல்லி நாத்தனார் தானே பரிமாறப் போனாள்.

திங்கட்கிழமை கணக்கு முடிந்தது; மூன்று எண்ணும் ஒன்றேதான். வாசலுக்குச் சற்று முன்னால் சரியான இடத்தில் ஒரு தூணை நட்டால் கூட்டம் சீக்கிரம் வெளியேறும், மணலும் அப்படியே. அது அந்தந்தத் துறைக்குத் தெரிந்த சேதிதான். எண் ஒன்றென்றால் செல்களும் அதற்குக் கட்டுப்பட வேண்டும், இடுக்குக்கு முன்னால் தூண் வைத்தால் அவையும் சிக்காமல் தாண்ட வேண்டும். இதைச் சொன்னதும் உயிரியல் தலைவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"வழியில கல்லப் போட்டா வண்டி வேகமா போகுமாம்மா?"

"போட்டுப் பாருங்க சார். போகலன்னா வெள்ளிக்கிழமை நானே கெளம்பிடறேன்."

அவளைக் கிளப்பிவிடும் ஆசையிலோ என்னவோ, அவர் ஒப்புக்கொண்டார். செல் வளர்க்கும் தட்டுகளில் பாதியில், அவள் எழுதிக் கொடுத்த இடத்திலேயே ஒரு பொடித் தூணை வைத்தார்.

வியாழன் காலை நுண்ணோக்கியில் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். தூண் இல்லாத தட்டுகளில் செல்கள் இடுக்கில் முட்டிக்கொண்டு நின்றன. தூண் வைத்த ஒவ்வொரு தட்டிலும் இடுக்கைத் தாண்டிப் போய், தட்டில் கீறியிருந்த புண்ணை மூடியிருந்தன. அவர் எழுந்து தன் நாற்காலியைப் பக்கத்தில் நின்ற அவளுக்குத் தள்ளினார். அவளுக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது, மறைக்காமல் அழுதாள்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் கூத்து தலைகீழானது. பிறந்த வீடு தன்னுடையது என்றார் இயற்பியல் தலைவர். வாழ வந்த வீட்டை விட்டுப் பெண் போகக் கூடாது என்றார் உயிரியல் தலைவர். முதலில் கை பிடித்ததே தாங்கள்தான் என்று பொறியியல் தலைவர் மேசையைத் தட்டினார். கடைசியில் டீன் அவளையே கேட்டார், எங்கே இருக்க விருப்பம் என்று.

"தனிக்குடித்தனம் வெச்சுக் குடுங்க சார். மூணு வீட்டுக்காரங்களும் விருந்தாளியா வரட்டும்."

டீன் சிரிக்கவில்லை. எத்தனை அறை வேண்டும் என்று கேட்டார்.