மாமனாரின் சம்மதம்

மாமியார் இறந்த நாளிலிருந்து மாமனார் வாயும் திறக்கவில்லை, சவரமும் செய்யவில்லை. அவருடைய மருத்துவக் காப்பீட்டை ஏற்கும் மனநல மருத்துவர் கிடைப்பாரா என்று மருமகள் போனில் மன்றாடாத இடமில்லை. "வயசானவங்கள நாங்க பாக்குறதில்லைங்க" என்று எல்லாரும் கைவிரித்தார்கள்.

கடைசியில் காப்பீட்டு அலுவலகப் பெண் ஒரு டாக்டரைத் தேடிப் பிடித்தாள். "ஆனா பெரியவரே போன்ல பேசி சம்மதம் சொல்லணும் மேடம். அதான் ரூல்."

மருமகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பேசமாட்டேங்கிறாருன்னுதானேம்மா டாக்டரே தேடுறேன்! உங்க ரூல்ல இடி விழ!"

பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. மாமனார் எழுந்துவந்து அவள் கையிலிருந்த போனை வாங்கினார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சம்மதம்மா. காலையில வேணாம், சாயங்காலமா நேரம் குடு. தாடிய எடுக்கணும்."