கடைசிச் சீட்டு

அம்மாபேட்டையில் எங்கள் சந்து ஓர் ஆட்டோ நுழையும் அகலம்தான். எதிர்வீட்டு நசுருல்லா பாயின் டீசல் ஆட்டோ அவர் வீட்டு ஜன்னலை ஒட்டியே நிற்கும். ஜன்னலுக்கு உள்ளே கட்டிலில் அவர் மனைவி ரபியா. ஆஸ்துமா. புகை பட்டால் அன்றைக்குப் பூராவும் இழுப்புதான். அதனால் பாய் தினமும் வண்டியைத் தெருமுனை வரை கையால் தள்ளிக்கொண்டு போய்த்தான் ஸ்டார்ட் செய்வார்.

பேட்டரி ஆட்டோ வாங்கிவிட்டால் இந்தப் பாடு தீரும். அரசாங்க மானியமும் இருந்தது. ஆனால் மானியம் போக மிச்சத்தைப் புரட்ட வேண்டுமே! ஃபைனான்ஸ்காரர் வீடு தேடி வந்தார். வட்டி ஹராம் என்று பாய் திருப்பி அனுப்பிவிட்டார். ஏலச்சீட்டில் சேர்ந்தார். அதிலும் கழிவு விட்டு முன்னாலேயே எடுத்தால் வட்டி கொடுத்த மாதிரிதான் என்று, ஏலத்தில் வாயே திறக்காமல் கடைசிச் சீட்டுக்குக் காத்திருந்தார்.

அதே சீட்டில் ஆட்டையாம்பட்டியில் தோட்டம் வைத்திருக்கும் அப்புசாமியும் இருந்தார். முதல் ஏலத்திலேயே எடுத்து, மானியத்தோடு ஒரு பேட்டரி ஸ்கூட்டர் வாங்கினார். வீட்டில் ஏற்கெனவே இரண்டு கார்.

"நா வாங்குனாலும் ஊருக்குப் பொகை கொறையுமுங்களே பாய்" என்றார். நல்ல மனுஷர்தான். ஆனால் அந்த ஸ்கூட்டர் உறை போட்டுக் கொட்டகையில் நிற்கிறது. இதற்கு எதற்கு ஊர்ப்பணம்? நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

கடைசிச் சீட்டு கைக்கு வந்த அன்றே பாய் ஷோரூமுக்கு ஓடினார்.

"ஆட்டோவுக்கு மானியம் போன மாசத்தோட முடிஞ்சுபோச்சுங்க பாய்" என்றார்கள். கையில் இருந்தது பற்றவில்லை.

திரும்பி வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தவரை ரபியாதான் தேற்றினாள். "விடுங்க. நீங்க தள்ளிட்டுப் போற சத்தம் கேட்டுத்தானே நான் முழிக்கிறேன். அது பழகிப்போச்சு."

ஐப்பசி மழையில் அவளுக்கு இழுப்பு முற்றியது. சீட்டுப்பணம் ஆஸ்பத்திரிக்குப் போனது. பணமும் திரும்பவில்லை, அவளும் திரும்பவில்லை.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்த மறுநாள் காலை, பாய் மறுபடி வண்டியை எடுத்தார். மூச்சு வாங்கத் தெருமுனைப் பக்கம் தள்ளத் தொடங்கினார். எனக்குப் பொறுக்கவில்லை. "பாய், இனிமே இங்கயே ஸ்டார்ட் பண்ணலாமே" என்றேன்.

அவர் நின்று அந்த ஜன்னலைப் பார்த்தார்.

"தூங்குறா தாயி" என்று சொல்லிவிட்டுத் தள்ளிக்கொண்டே போனார்.