மணப்பெண்ணின் அப்பா விழுந்த பள்ளம்

வின்னிபெக் நகரின் வடக்குப் பகுதியில் ஜூன் மாதத்துச் சனிக்கிழமை என்றால் உக்ரைன்காரர் வீடு ஏதாவது ஒன்றில் கல்யாணம் இருக்கும். அன்றைக்கு இருந்தது ஓரெஸ்ட் ஹ்னாட்டியுக்கின் ஒரே மகள் லரிசாவின் கல்யாணம். அன்று விடிகாலையில்தான், கல்யாணம் நடக்க இருந்த தேவாலயத்தின் வாசலிலேயே, தெருவுக்கடியில் போகும் தண்ணீர்க் குழாய் வெடித்தது. அடைக்கப் போனவர்கள் நாங்கள்.

நாங்கள் என்றால் மூன்று பேர். மேஸ்திரி நோரீன் டேஜார்லே, பொக்லைன் ஓட்டும் பால்டர், குழாய் மாட்டும் நான். நோரீன் ஐம்பதைத் தாண்டியவர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஆனால் பள்ளத்தில் இரும்புப் பெட்டியை இறக்காமல் ஒரு எலியைக்கூட உள்ளே விடமாட்டார். பெட்டி என்றால் மூடியும் கிடையாது, அடியும் கிடையாது. ஆளைவிட உயரமான இரண்டு இரும்புத் தகடுகள், அவை ஒன்றையொன்று நெருங்காமல் இருக்க நடுவில் குறுக்கு உருளைகள். மண் சரிந்தால் தகட்டின் மேல் சரியும், உள்ளே நிற்பவன் மேல் சரியாது. எங்கள் ஊர்க் களிமண் காய்ந்திருக்கும்போது கடப்பாரையை வளைக்கும். நனைந்துவிட்டால் யாரையும் மதிக்காது. அன்றைக்கு வெடித்த குழாய் அதை விடிகாலையிலிருந்தே நனைத்திருந்தது.

கசிவு எங்கே என்று தேடியதில் பள்ளம் நீண்டுபோயிற்று. குழாய் உடைந்த இடத்தில் பெட்டியை இறக்கி, உள்ளே ஏணியும் வைத்துவிட்டோம். பெட்டிக்கு வெளியே தேவாலயத்துப் பக்கமாக இருந்த மிச்சப் பள்ளம் திறந்தே கிடந்தது. அதைச் சுற்றி நோரீன் கயிறு கட்டினார். கல்யாணத்துக்கு வருகிறவர்கள் கடக்க, பள்ளத்தின் மறுகோடியில் கைப்பிடி வைத்த பாலம் ஒன்றையும் போட்டுக் கொடுத்தார். தோழிப்பெண்கள் குதிகால் செருப்போடு அதில் டக்டக்கென்று போவதை பால்டர் பொக்லைனில் உட்கார்ந்து ரசித்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் ஓரெஸ்ட் வந்தார். கறுப்பு சூட், சட்டைப்பையில் வெள்ளைப் பூ, கண்ணாடி மாதிரி மின்னும் ஷூ. மகளைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துப் போக வேண்டியவர். ஆனால் மனிதர் வாழ்நாள் முழுக்க இதே ஊரில் பள்ளம் தோண்டும் காண்ட்ராக்ட் எடுத்தவர். ஓய்வுபெற்ற பிறகு வீட்டில் இருக்கப் பிடிக்காமல் இருந்தவர். பள்ளத்தைப் பார்த்ததும் கல்யாணம் மறந்துவிட்டது.

"ஏம்மா, இந்தப் பெட்டி எதுக்கு?" என்றார் நோரீனிடம்.

"உள்ள எறங்குறவன் சாயங்காலம் வீட்டுக்குப் போகணுமே, அதுக்குத்தான்."

"என் காலத்துல இதைப்போல ரெண்டு மடங்கு ஆழத்துல வெறும் பனியனோட நின்னிருக்கேன். பெட்டியும் இல்ல, கிட்டியும் இல்ல. எனக்கு என்ன ஆயிடுச்சு?"

"காது போச்சு. அதான் யார் சொல்றதும் விழல," என்றான் பால்டர் என்னிடம் மெதுவாக.

ஓரெஸ்ட் கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே போனார். பள்ளத்தின் விளிம்பில் இடுப்பில் கைவைத்து நின்று, "தம்பி, வாளியை இன்னும் கொஞ்சம் எடது பக்கம் போடு. தோண்டத் தெரியுமா தெரியாதா?" என்று பால்டரை அதட்டினார்.

பால்டர் உடனே இயந்திரத்தை நிறுத்திவிட்டான்.

"ஐயா, கயித்துக்கு இந்தப் பக்கம் வாங்க," என்றார் நோரீன்.

"ஒரு நிமிஷம்மா."

"நீங்க நிக்கிற எடத்துக்குப் பின்னாடி மண்ணு வெடிச்சிருக்கு, பாருங்க. அதைப் பாத்துட்டுத்தான் நான் கயிறே கட்டினேன்."

ஓரெஸ்ட் திரும்பிப் பார்த்தார். அவருடைய குதிகாலுக்குப் பின்னால், விளிம்புக்கு இணையாக, விரல் நுழையும் அளவு ஒரு கோடு ஓடியது. "இதெல்லாம் ஒரு வெடிப்பா? என் உள்ளங்கால்ல இதைவிடப் பெரிய வெடிப்பு இருக்கு," என்றார்.

விழுந்தார் என்று சொல்ல முடியாது. நின்றபடியே இறங்கினார், லிஃப்டில் போகிறவர் மாதிரி. அவர் நின்ற துண்டு மண் அப்படியே கழன்று சரிய, இடுப்பில் வைத்த கையை எடுக்காமலே கீழே போய்ச் சேர்ந்தார். பள்ளத்தின் அடியில் இருந்த சேறு முழங்காலுக்கு மேல்வரை அவரைப் பிடித்துக்கொண்டது. முகத்தில் பயம் இல்லை. எவனோ தன்னை ஏமாற்றிவிட்ட மாதிரி ஒரு எரிச்சல்தான் இருந்தது.

தேவாலயப் படிகளில் நின்ற கூட்டம் ஓவென்று பள்ளத்தை நோக்கி ஓடி வந்தது. நோரீன் இரண்டு கைகளையும் விரித்து நடுவில் நின்றார்.

"யாரும் கிட்ட வரக் கூடாது. உங்க பாரத்துக்கு மிச்சச் சுவரும் அவர் தலைமேல எறங்கும். பின்னாடி போங்க. பால்டர், தீயணைப்புக்குப் போன் போடு."

"வாளியை எறக்கித் தூக்கிடவா?" என்றான் பால்டர்.

"தூக்கினா மேல்பாதிதான் வரும். போனைப் போடு."

இதற்குள் மாப்பிள்ளை கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டான். கர்ட் என்று பெயர், பல் டாக்டருக்குப் படித்தவன். இரண்டு வருஷமாக மாமனாரிடம் நல்ல பெயர் வாங்கப் பாடுபட்டவனுக்கு இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்று தோன்றியிருக்க வேண்டும். கயிற்றைத் தாண்டக் காலைத் தூக்கியபோது நோரீன் அவன் சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தினார்.

"விடுங்க, அவர் என் மாமனார்."

"எறங்கினா ரெண்டு பேரை வெளிய எடுக்கணும். அதுல ஒருத்தரு மாப்பிள்ளை."

கீழேயிருந்து ஓரெஸ்டின் குரல் வந்தது: "டேய் கர்ட், நீ உள்ள எறங்கினா கல்யாணமே கெடையாது, சொல்லிட்டேன்."

கர்ட் காலைக் கீழே வைத்தான்.

நோரீன் ஏணி வழியாகப் பெட்டிக்குள் இறங்கினார். நான் மேலேயிருந்து ஒட்டுப்பலகை ஒன்றையும் நீளக் கயிறு ஒன்றையும் இறக்கிக் கொடுத்தேன். பெட்டியின் வாய்க்கும் ஓரெஸ்டுக்கும் நடுவே ஒரு கட்டில் போடுகிற தூரம்தான். ஆனால் பெட்டியை விட்டு நோரீன் ஒரு அடிகூட வெளியே வைக்கவில்லை. பலகையைச் சேற்றின் மேல் சறுக்கி ஓரெஸ்டின் வயிற்றுப் பக்கம் வரை தள்ளினார். கயிற்றை வீசினார். ஓரெஸ்ட் அதை அக்குளுக்குக் கீழே சுற்றிக் கட்டிக்கொண்டார். முடிச்சு மட்டும் நன்றாகப் போட்டார், தொழில்காரர்.

"பலகை மேல குப்புறப் படுத்து, காலை மெல்ல மெல்ல ஆட்டி உருவுங்க."

ஆட்டினார். வரவில்லை. சேறு ஷூவையும் பேண்ட்டையும் சேர்த்துப் பிடித்திருந்தது.

"ஷூவை விட்டுடுங்க. பேண்ட்டையும் கழட்டிடுங்க," என்றார் நோரீன்.

"என்னது?"

"பேண்ட். பெல்ட்டை அவுத்தீங்கன்னா கால் மட்டும் வந்துடும்."

"அம்மா, மேல எங்க சம்பந்தி வீட்டு ஆளுங்க நிக்கிறாங்க."

"அவங்க பாக்காத காலா?"

"பாத்ததில்ல. அதான் பிரச்சினை."

ஓரெஸ்டின் மனைவி ஒலேனா பாலத்தின் மேல் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றிருந்தாள். அதுவரை அழுதுகொண்டிருந்தவள் கண்ணைத் துடைத்தாள். "ஓரெஸ்ட், கழட்டு," என்றாள்.

"நீ சும்மா இரு, ஒலேனா."

"காலைல புது உள்ளாடை எடுத்து வச்சேன், போட்டியா?"

ஓரெஸ்ட் பெல்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் பழைய மீன் படம் போட்டதைத்தானே போட்டிருக்க? அதுக்குத்தான் இவ்வளவு வெக்கமா?"

படியில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். லரிசா வெள்ளை உடையைக் கையில் அள்ளிக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அப்பா, ப்ளீஸ். மீனா இருந்தா என்ன, முதலையா இருந்தா என்ன. வெளிய வாங்கப்பா," என்றாள். குரல் உடைந்தது. வேடிக்கையாகத்தான் இருந்தது எல்லாம். ஆனால் அவர் தலைக்கு மேலே இருந்த சுவரில் இன்னொரு கோடு விட்டிருந்ததை நானும் பார்த்தேன், நோரீனும் பார்த்தார். கூட்டத்துக்குத்தான் தெரியாது.

ஓரெஸ்டின் கூச்சத்தைப் பாதிரியார் புரிந்துகொண்டார். கூட்டத்தைப் பார்த்து, "எல்லாரும் கோவில் பக்கம் திரும்பி நில்லுங்க. பாட்டு ஒண்ணு பாடுவோம்," என்றார். நூறு பேர் தேவாலயச் சுவரைப் பார்த்து நின்று பாட ஆரம்பித்தார்கள். ஒலேனா மட்டும் திரும்பவில்லை. "முப்பது வருஷமா பாத்தாச்சு," என்றாள்.

ஓரெஸ்ட் பெல்ட்டை அவிழ்த்தார். பலகை மேல் குப்புற விழுந்து, முக்கி முனகி, ஒரு காலை உருவினார். சேறு ஒரு சத்தம் போட்டது. அது பாட்டையும் மீறிக் கேட்டது. பிறகு மறுகால். நோரீன் பெட்டிக்குள்ளிருந்து கயிற்றை இழுக்க, மேலேயிருந்து நானும் பால்டரும் இழுக்க, மீன்கள் நீந்தும் உள்ளாடையோடு அவர் பலகையில் சறுக்கிப் பெட்டிக்குள் வந்தார். நோரீன் அவரை முன்னால் ஏற்றிவிட்டுப் பின்னால் ஏணியில் ஏறினார்.

ஓரெஸ்ட் மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது சுவர் சரிந்தது. பெரிய சத்தம் எதுவும் இல்லை. யாரோ சோபாவில் பொத்தென்று உட்கார்ந்த மாதிரிதான். கறுப்பு பேண்ட் நின்றுகொண்டிருந்த இடத்தில் இப்போது மார்பளவு களிமண் இருந்தது. பாட்டு பாதியில் நின்றது. ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் அவருடைய காலைப் பார்க்கவில்லை.

ஓரெஸ்ட் தரையில் உட்கார்ந்தார். நெடுநேரம் மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெடிப்பை நான் பாத்தேன்மா," என்றார் நோரீனிடம். "நீ சொல்றதுக்கு முன்னாடியே பாத்தேன். இத்தனை வருஷமா பாத்ததுதானே, தெரியாதா? பாத்துட்டுத்தான் போய் நின்னேன்."

நோரீன் தன் தெர்மாஸிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தார்.

தீயணைப்பு வண்டிகள் வந்தபோது அவர்களுக்குச் செய்ய எதுவும் இல்லை. ஆனாலும் அவர் காலையும் நாடியையும் பார்த்துவிட்டு, இரண்டு பேர் கல்யாணத்துக்கே தங்கிவிட்டார்கள். பேண்ட்டுக்கு நான் என்னுடைய மழை உடையைக் கொடுத்தேன். ஆரஞ்சு நிறம், காலில் வெள்ளிப் பட்டைகள். மேலே கறுப்புக் கோட்டும் பூவும், கீழே என் பேண்ட்டும் ரப்பர் பூட்ஸுமாக ஓரெஸ்ட் மகளை அழைத்துக்கொண்டு உள்ளே போனார். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அவருடைய முழங்கால்கள் மின்னின. யாரும் சிரிக்கவில்லை. பாதிரியார் மட்டும் இரண்டு முறை தொண்டையைச் செருமிக்கொண்டார்.

நாங்கள் பெட்டியை நகர்த்தி, சரிந்த மண்ணை எடுத்து, குழாயை அடைத்து முடிக்கையில் தேவாலயக் கூடத்தில் விருந்து ஆரம்பித்திருந்தது. வேலை உடுப்போடு வாசலில் நின்ற எங்களை ஒலேனா உள்ளே இழுத்துப்போய்க் கோஸ் சுருளும் உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையும் தட்டு வழிய வைத்தாள். மாப்பிள்ளை கர்ட் மாமனார் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்திருந்தான். அவனுக்கு அவரே ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஓரெஸ்ட் அதற்குள் கதை சொல்ல ஆரம்பித்துவிட்டார். எங்கள் மேஜைக்கு வந்து சேர்வதற்குள் பள்ளம் இரண்டு ஆள் ஆழமாகியிருந்தது, சேறு இடுப்பு வரை ஏறியிருந்தது. பால்டர் திருத்தப் போனான். நோரீன் அவன் காலை மிதித்தார்.

"அப்புறம் எப்படி வெளிய வந்தீங்க?" என்று சம்பந்தி வீட்டுக்காரர் ஒருவர் கேட்டார்.

ஓரெஸ்ட் கோப்பையைக் கீழே வைத்தார். "இந்தம்மா பேண்ட்டைக் கழட்டச் சொல்லிச்சு, கழட்டினேன்," என்றார். "மொதல்ல தள்ளி வாங்கன்னும் சொல்லிச்சு. அதைக் கேக்கல."

"சூட்டு வாடகைக்கு எடுத்தது," என்றாள் ஒலேனா, எல்லோருக்கும் பொதுவாக. "திங்கக்கெழம கடைக்காரன்கிட்ட கோட்டை மட்டும் கொண்டுபோய்க் கொடுக்கணும். யார் போறது?"

கர்ட் கையைத் தூக்கினான்.