சின்ன பேட்டரி

கார் வந்ததிலிருந்து ராஜவேலுக்குக் கால் தரையில் படவில்லை. செம்மண்டலத்தில் அவன் தெருவில் அதற்குமுன் அப்படி ஒரு கார் நின்றதில்லை என்பதும் உண்மைதான். பெட்ரோலிலும் ஓடும், வீட்டு பிளக்கில் செருகி வைத்தால் கரண்டிலும் ஓடும். சென்னையில் ஒரு டாக்டர் வைத்திருந்ததை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தான். வாங்கிய காரை ஓட்டினானா என்றால், அதுதான் இல்லை. ஒரு வாரமாக வாசலில் சார்ஜர் ஒயரோடு நிறுத்தி வைத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தான்.

காட்டுவதற்கு அதில் விஷயமும் இருந்தது. ஸ்டார்ட் பண்ணாமலே பெரிய திரை எரியும், பாட்டுப் பாடும். பின் பம்பருக்கு அடியில் காலை ஆட்டினால் டிக்கி தானாகத் திறக்கும், இன்னொரு தரம் ஆட்டினால் மூடிக்கொள்ளும். அடுத்த தெருக்காரர்கள்கூட வந்து காலை ஆட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தத் திரையில் மஞ்சளாக ஓர் எச்சரிக்கை வந்தது. பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் சார்ஜ் குறைவு என்றது. ராஜவேல் அதை ஈயை விரட்டுவதுபோல் விரலால் தட்டி விலக்கினான்.

"இன்னாமோ எழுதி வந்துதே, இன்னாங்க அது?" என்றாள் மனைவி வித்யா.

"ஒண்ணுமில்ல. ஒயருதான் சொருவி இருக்குதே, அப்புறம் எப்புடி கொறையும்?"

"ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்தாதான் இன்னா?"

"ஞாயித்துக்கெழமதான் மொதல் சவாரி. ரேகா வூட்டுக்கு."

ரேகா அவனுடைய ஒரே தங்கை. ஜெயப்பிரகாஷை அவளாகவே பார்த்துக் கட்டிக்கொண்டு சிதம்பரம் போனவள். அண்ணன் அந்தக் கல்யாணத்துக்குப் போகவில்லை. அம்மா அமிர்தம் செத்த வீட்டுக்கு வந்தவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பெண் குழந்தை பிறந்து, அம்மா பெயரையே வைத்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டும் எட்டிப் பார்க்கவில்லை. பிறந்த வீட்டில் கேட்க நாதியில்லாதவள் என்ற பேச்சை மாமியார் வீட்டில் எத்தனை தரம் கேட்டாளோ, யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. கடைசியில் அவளேதான் போன் பண்ணினாள்.

"பாப்பாவுக்குக் காது குத்துறோம்ணா. ஒம் மடியிலதான் உக்கார வைக்கணும். நீ வந்து மணையில உக்காந்தா போதும், இவுங்க வாய நான் அடைச்சிக்கிறேன்."

வருகிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு ராஜவேல் அழுதான். அதையும் சொல்ல வேண்டும். அவன் ஒன்றும் கல் நெஞ்சக்காரன் இல்லை, வீம்புக்காரன், அவ்வளவுதான்.

சீர்த்தட்டு, பட்டுப்பாவாடை, பழங்கள் எல்லாவற்றையும் சனிக்கிழமையே டிக்கியில் அடுக்கினார்கள். வீட்டில் வைத்தால் அவசரத்தில் மறந்துபோகும் என்று தங்கத் தோட்டையும் அதிலேயே வைத்து, காலை ஆட்டி மூடினான். காலையில் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு வந்து சாவியை அழுத்தினால் கார் மூச்சே விடவில்லை. கதவு திறக்கவில்லை. காலை ஆட்டினான், டிக்கி அசையவில்லை. போனில் காரின் ஆப்பைப் பார்த்தால் சார்ஜ் நூறு சதவீதம் என்று கடைசியாகச் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தது.

கம்பெனி உதவி எண்ணில் பேசிய பெண் பொறுமைசாலி.

"சார், பெரிய பேட்டரி வண்டிய ஓட்டுறதுக்கு. ஆனா அத முழிக்க வைக்கிறதே பன்னெண்டு வோல்ட் சின்ன பேட்டரிதான். கதவு, டிக்கி, ஸ்க்ரீன் எல்லாமே அதுலதான் வேல செய்யுது."

"நான் ஒரு வாரமா சார்ஜ்லயே போட்டு வச்சிருக்கேம்மா."

"பெருசு ஏறும்போது சின்னதுக்கும் ஏறும் சார். பெருசு ஃபுல் ஆயிடுச்சின்னா சார்ஜர் நின்னுடும். அதுக்கப்புறம் வண்டிய ஸ்டார்ட் பண்ணாம ஸ்க்ரீன் போட்டீங்களா?"

ராஜவேல் கண்ணாடி வழியாக அணைந்து கிடந்த திரையைப் பார்த்தான். வேறு ஒரு காரிலிருந்து கேபிள் போட்டு எழுப்பலாம், இல்லையென்றால் ஆள் வர மதியம் ஆகும் என்றாள் அந்தப் பெண்.

தெருவில் கேபிள் வைத்திருப்பவர் மின்வாரிய லூர்துசாமி ஒருவர்தான். அவர் குடும்பத்தோடு சர்ச்சுக்குப் போயிருந்தார். பூசையில் உட்கார்ந்தால் போனை அணைத்துவிடுவார்.

ரேகா கூப்பிட்டாள். விஷயத்தைச் சொன்னான். "கார வுட்டுட்டு பஸ்ஸ புடிச்சி வாண்ணா. ஒம்பதரைக்குள்ள முடிக்கணும்ங்கிறாங்க. ஒரு மணி நேர பஸ்ஸுதான, இப்ப ஏறினாகூட வந்துடலாம்."

"சீரு பூரா டிக்கியில மாட்டிக்கிச்சி. வெறுங்கைய வீசிக்கிட்டு எப்புடி வர்றது?"

"சீர நான் கேட்டனா?" என்றாள் ரேகா. அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு, "நீ வா," என்றாள்.

இதற்குள் வித்யா போனில் காரின் கையேட்டைத் தேடி எடுத்துப் படித்துவிட்டாள். ரிமோட் சாவிக்குள்ளேயே ஓர் இரும்புச் சாவி ஒளிந்திருந்தது. அதை உருவி, டிரைவர் கதவு கைப்பிடியின் மூடியைக் கழற்றித் திறந்தாள். பின்சீட்டை மடக்கிவிட்டு உள்ளே தவழ்ந்து போய் ஒவ்வொரு தட்டாக எடுத்து வெளியே நீட்டினாள். பட்டுப்புடவை கசங்கிப் போயிற்று. தோட்டுப் பெட்டி கைக்கு வந்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"எல்லாம் வந்துடுச்சி. ஆட்டோவ கூப்பிடுங்க, பஸ் ஸ்டாண்டு போயிடலாம். டாக்சின்னாலும் சரி."

நியாயமாகப் பார்த்தால் கதை இங்கே நல்லபடியாக முடிந்திருக்க வேண்டும். சாக்கு என்று சொல்ல இனி ஒன்றும் இல்லை. ஆனால் ராஜவேல் சர்ச் இருந்த திசையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"பூச முடியுற நேரந்தான். லூர்துசாமி அண்ணன் வந்துடுவாரு."

"வரலன்னா?"

"கார வச்சிக்கிட்டு, மொத மொதலா அந்த வூட்டுக்குப் பஸ்ல போயி எறங்கச் சொல்றியா? ஜெயப்பிரகாஷ் ஆளுங்க இன்னா நெனைப்பாங்க?"

வித்யா தட்டுகளைப் படிக்கட்டில் வரிசையாக வைத்துவிட்டு அவற்றின் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

அன்றைக்குப் பார்த்துப் பூசைக்குப் பின்னால் ஒரு ஞானஸ்நானம். லூர்துசாமி வந்து சேர்ந்தபோது மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. சர்ச் சட்டையைக்கூட மாற்றாமல் கேபிளும் மீட்டருமாக ஓடிவந்தார். பானெட்டுக்குள் சிவப்பு மூடி போட்டிருந்த முனையில் மீட்டரை வைத்தார்.

"ஒம்பது புள்ளி ஆறுதான் காட்டுது ராஜவேலு. பன்னெண்டரையாவது நிக்கணும்."

தன் பழைய காரிலிருந்து கேபிள் மாட்டினார். ஒரு நொடியில் திரை எரிந்தது, 'ரெடி' என்று பச்சையாக எழுத்து வந்தது. மீட்டர் பதினாலைத் தொட்டது.

"இப்பதான் பெருசு சின்னதுக்குக் குடுக்குது. இந்த ரெடி வர்லன்னா, பெருசு ஃபுல்லா இருந்தும் சும்மா கெடக்கும். கெளம்பு கெளம்பு."

வண்டி அருமையாகத்தான் ஓடியது. ஆலப்பாக்கம் போனது தெரியவில்லை, புதுச்சத்திரம் போனது தெரியவில்லை. வழியில் சிதம்பரம் பஸ் ஒன்றை முந்தினார்கள். வித்யா அந்த பஸ்ஸையே திரும்பிப் பார்த்தாள். கிளம்பும்வரை விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்த ரேகா, வெள்ளாற்றுப் பாலம் தாண்டியும் கூப்பிடவே இல்லை. ராஜவேல் வண்டியை இன்னும் விரட்டினான்.

காது குத்து நடந்த மண்டபம் இருந்த சந்துக்குள் அந்தக் கார் நுழையவில்லை. மேலவீதியில் எங்கோ நிறுத்திவிட்டு, ஆளுக்கு இரண்டு தட்டாகத் தூக்கிக்கொண்டு வேர்த்து விறுவிறுத்து நடந்தார்கள். எந்த வண்டியில் வந்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. உள்ளே பந்தி நடந்துகொண்டிருந்தது. ஜெயப்பிரகாஷ் எழுந்து வந்து, "வாங்க மச்சான்," என்று மரியாதையாகவே தட்டை வாங்கிக்கொண்டான்.

ரேகா குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். அழுது ஓய்ந்து விசும்பிக்கொண்டிருந்த குழந்தையின் காதில் புதுக் கம்மல் இருந்தது, சுற்றிலும் சிவந்திருந்தது.

"மணையப் போட்டு வச்சிட்டு வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன்," என்றாள் ரேகா. "இதுக்குமேல நிக்க முடியாதுன்னுட்டாங்க. இவுரு பெரியப்பா மொவன் உக்காரட்டும்னாங்க. ஒன் எடத்துல இன்னொருத்தர உக்கார வைக்க எனக்கு மனசு வரல. நானே உக்காந்துக்கிட்டேன்."

ராஜவேல் தோட்டுப் பெட்டியை நீட்டினான்.

"புண்ணு ஆறுற வரைக்கும் கம்மல கழட்டக் கூடாதுன்னு ஆசாரி சொல்லிட்டாருண்ணா." அவள் பெட்டியை வாங்கினாள், திறக்கவில்லை. "பஸ்ஸு கெடைக்கலியா?"

ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் நம்பியிருப்பாள். நம்பத்தான் அவள் அப்படிக் கேட்டதே. அவனால் முடியவில்லை.

"கெடச்சிருக்கும். நான்தான் ஏறல."

ரேகா கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அவள் குழந்தையை அவன் பக்கம் திருப்பினாள்.

"இதான் மாமா. மாமாகிட்ட போறியா?"

ராஜவேல் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியைத் தட்டி, இரண்டு கையையும் நீட்டினான். குழந்தை அந்த மடியைப் பார்த்தது. உடனே இரண்டு காதையும் கையால் பொத்திக்கொண்டு வீரிட்டு அழுதது.

"மாமா ஒண்ணும் பண்ண மாட்டேன்டி கண்ணு," என்றான். குழந்தை அம்மாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. நீட்டிய கையை மடக்கிக்கொண்டு அவன் அங்கேயே உட்கார்ந்திருந்தான்.