கீழே இறங்காத பந்துகள்

2023 பிப்ரவரி எட்டாம் தேதி காலை பத்து நாற்பதுக்கு ஓசூரில் ப்ரீதா அடித்த டென்னிஸ் பந்து, பிப்ரவரி பத்தொன்பதாம் தேதி மதியம் இரண்டு இருபதுக்குக் கீழே வந்தது. இடைப்பட்ட நாட்களில் அது தொழிற்பேட்டை மனமகிழ் மன்றத்தின் டென்னிஸ் கோர்ட்டுக்கு நேர் மேலே நின்றது. பார்வை சரியாக இருந்தவர்களுக்குக் கடுகளவு தெரிந்தது, மற்றவர்கள் தங்களுக்கும் தெரிவதாகச் சொன்னார்கள். பதினான்கு வயதுக்குட்பட்ட பெண்களுக்கான மாவட்டப் போட்டியில் கால் இறுதி ஆட்டம் அது. எதிரில் ஆடியவள் கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைக்காரரின் மகள் சௌமியா. ப்ரீதா அடித்து உள்ளே விழுந்த ஒரு பந்தை நடுவர் முனிவேல் அவுட் என்றார். அது உள்ளேதான் விழுந்தது என்பதை மைதானம் கூட்டும் கெம்பம்மா முதற்கொண்டு எல்லோரும் பார்த்தார்கள். ப்ரீதா வாயைத் திறந்தாள். பார்வையாளர் வரிசையில் இருந்த அவள் அப்பா அற்புதராஜ் உள்ளங்கையைக் கவிழ்த்துக் காற்றை இரண்டு முறை அமுக்கிக் காட்டினார். அடங்கு என்று அர்த்தம். அவள் வாயை மூடிக்கொண்டு, அடுத்து வந்த பந்தை உயரத் தூக்கி அடித்தாள். அது போய் நின்றுகொண்டது.

முனிவேல் கல்லாவிப் பக்கத்து உடற்கல்வி ஆசிரியர், விதி என்றால் விதி என்கிற மனிதர். விதிப்புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படித்துப் பார்த்தார். பந்து தரையைத் தொடும் வரை பாயிண்ட் முடியாது என்று இருந்ததே தவிர, எத்தனை நாளுக்குள் தொட வேண்டும் என்று எங்கும் இல்லை. ஆகவே ஆட்டம் நடந்துகொண்டிருப்பதாகவே எழுதிக் கையெழுத்துப் போட்டார். முதல் இரண்டு நாள் இரு பெண்களும் கோர்ட்டிலேயே நின்றார்கள், பிறகு பள்ளிக்கூடம் போனார்கள். பத்தொன்பதாம் தேதி பந்து இறங்கியபோது அங்கே இருந்தது விளக்குமாறும் கெம்பம்மாவும்தான். மறுநாள் முனிவேல் விசாரித்ததற்கு அவள், “லைனுக்கு அந்தாண்ட நாலு வெரக்கட சார். நானே நோடிதெ, இந்த ரெண்டு கண்ணால,” என்று சாட்சி சொன்னாள். பாயிண்ட் சௌமியாவுக்குப் போனது. மீதி ஆட்டத்தை விட்ட இடத்திலிருந்து ஆடி ப்ரீதா ஜெயித்தாள்.

அற்புதராஜ் பிரேக் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பிளானிங் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்த்தவர். எந்த மெஷினில் எந்த ஷிஃப்டில் எத்தனை உருப்படி ஓட வேண்டும் என்று கட்டம் போடுவது அவர் வேலை. காலியாகக் கிடக்கும் கட்டத்தைப் பார்த்தால் அவருக்கு நெஞ்சு அடைக்கும். மகளுக்கும் அதே மாதிரி ஒரு அட்டவணை போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தார். நாலு ஐம்பதுக்கு எழுந்திருப்பது, ஐந்தே காலுக்கு கோர்ட், ஏழரைக்கு ஸ்கூல் பஸ், நாலரைக்கு மறுபடி கோர்ட், ஆறே முக்காலுக்கு டியூஷன், சனி ஞாயிறு போட்டி. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம், வெள்ளை எங்கும் கிடையாது. ப்ரீதாவுக்குச் சின்ன வயதிலிருந்தே மூக்கின் மேல் கோபம். எட்டு வயதில் சேலத்தில் ஒரு ராக்கெட்டைத் தரையில் அடித்து உடைத்து, நடுவரைப் பார்த்து ஒரு வார்த்தையும் சொன்னாள். அதன் பிறகு அற்புதராஜ் அவளுக்குப் பல்லைக் கடித்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தார். ஆறு வருடம் அவள் கடித்துக்கொண்டாள். அடக்கமான பிள்ளை என்று ஊரில் நல்ல பேர் கிடைத்தது.

முதல் பந்து ஏன் பதினொரு நாள் கழித்து இறங்கியது என்பதை அவள் அம்மா சூசைமேரி அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டாள். அவள் ரோஜாப்பூ பேக்கிங் கூடத்தில் வேலை பார்ப்பவள், எந்த மொட்டு எப்போது விரியும் என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கண். முந்தின இரவு சிவராத்திரி. கோச் மாதவன் மலைக்கோயிலில் கண்விழித்துவிட்டுப் பகலெல்லாம் தூங்கிப்போனார். அற்புதராஜைச் சரக்குக் கணக்கெடுக்கத் தொழிற்சாலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கூட்டிப் போக ஆளில்லாத ப்ரீதா, தண்ணீர்த் தொட்டிப் படியில் உட்கார்ந்து கொய்யாக்காயை மிளகாய்ப்பொடி உப்பில் தொட்டுத் தின்றுகொண்டு, எதையும் செய்யாமல் இருந்தாள். அப்போது மணி இரண்டு இருபது. சூசைமேரி இதைச் சொன்னபோது அற்புதராஜ் காற்றின் வேகம் குறைந்திருக்கும் என்றார்.

மார்ச்சில் கிருஷ்ணகிரியில் ஒரு பந்து போனது. அதற்கு இரண்டு வாரம் கழித்து ஓசூரில் இன்னொன்று. ஏப்ரல் முதல் வாரத்தில் எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் மூன்றாவது. மூன்றும் இறங்கவில்லை. ஊர் இதற்குச் சீக்கிரமே பழகிக்கொண்டது. ஜூஜுவாடி செக்போஸ்டில் லாரிக்காரர்கள் மேலே கைகாட்டி, இதற்கும் பெர்மிட் கேட்பீர்களா என்று போலீஸ்காரரிடம் கேட்டுச் சிரித்தார்கள். அற்புதராஜ் காலையில் வேலைக்குப் போகும் முன் அத்திப்பள்ளி வரை வண்டியை விட்டு ஒரு பார்வை பார்த்துவிட்டு, அட்டவணையில் ‘நிலுவை’ என்று பென்சிலால் எழுதினார். மாதவன் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்து, “பரல்ல சார். நீங்க தலைகீழா நின்னாலும் வராது,” என்று இரண்டு பாஷையிலும் கைவிரித்தார். கிருஷ்ணகிரிப் பந்துக்கு எதிர்ப் பக்கத்தில் மறுபடியும் சௌமியாதான். பந்து வரும்போது ஆள் இருக்க வேண்டும் என்று அவளைத் தினமும் மாலையில் கோர்ட்டில் உட்கார வைத்தார்கள். அவள் ப்ரீதாவுக்கு ஃபோன் போட்டு, “உன் பந்து வர்ற வரைக்கும் எனக்கு டியூஷன் இல்ல பாப்பா. இன்னும் ரெண்டு அடிச்சு வெய்யி,” என்றாள்.

விஷயம் சிரிப்பாக இருந்தது ஏப்ரல் பத்து வரைதான். அன்றைக்குத் தென்மண்டலப் பயிற்சி முகாமிலிருந்து கடிதம் வந்தது. எட்டுப் பெண்களை எடுப்பார்கள், ப்ரீதா ஒன்பதாவது இடத்தில் இருந்தாள். நிலுவையில் உள்ள மூன்று ஆட்டத்திலும் அவளுக்கு ஒரு பாயிண்ட்தான் பாக்கி, இரண்டை ஜெயித்தால் போதும், உள்ளே போய்விடலாம். ஆனால் முடிவுகள் ஏப்ரல் முப்பது மாலை ஐந்து மணிக்குள் வந்து சேர வேண்டும். ஆறு வருடமாகப் போட்ட அத்தனை கட்டமும் இந்த ஒரு கடிதத்துக்காகத்தான். அற்புதராஜ் அதை நாலு முறை படித்தார்.

அவர் தொழிற்சாலையில் உருப்படி பழுதானால் ‘ஏன்-ஏன்’ போடுவார்கள். ஏன் பழுது என்று கேட்டுப் பதில் எழுதி, அந்தப் பதிலுக்கு ஏன் என்று கேட்டு, இப்படி ஐந்து முறை போனால் மூலகாரணம் அகப்படும் என்பது ஏற்பாடு. அற்புதராஜ் சாப்பாட்டு மேசையில் தாளை விரித்தார். பந்து ஏன் வரவில்லை? கோபத்தோடு அடித்ததால். ஏன் கோபம்? பாயிண்ட் போனதால். ஏன் போனது? களைத்திருந்தாள். இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு, கீழே ‘மூலகாரணம்: குணம்’ என்று எழுதி அடிக்கோடு போட்டார். தொழிற்சாலையிலும் அப்படித்தான். ஐந்து ஏன் என்று பேர், மூன்றாவதைத் தாண்டினால் மேனேஜர் அறைக்குள் போய்விடும் என்பதால் எல்லோரும் மூன்றிலேயே நிறுத்திக்கொள்வார்கள். குணத்துக்குப் பரிகாரமாக ஞாயிறு நாலு மணியிலிருந்து நாலு இருபது வரை ஊதா நிறத்தில் ‘கோபம்’ என்று ஒரு கட்டம் போட்டார். அந்த நேரத்தில் ப்ரீதா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கோபப்பட்டு முடித்துவிட வேண்டும். முதல் ஞாயிறு அவள் தூங்கிவிட்டாள். இரண்டாவது ஞாயிறு நகம் வெட்டினாள். இரண்டு முறையும் அவர் நாலு இருபதுக்குக் கதவைத் தட்டி, “முடிஞ்சிதாம்மா?” என்று கேட்க, அவள் “முடிஞ்சிதுப்பா” என்றாள். பந்துகள் அசையவில்லை.

இருபத்து நாலாம் தேதி சூசைமேரி அந்தத் தாளை எடுத்து, “நாலாவது ஏன நான் எழுதட்டுமா?” என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஏன் களைப்பு என்பதற்கு நேரே, ‘நாம் அவளை நாலு ஐம்பதுக்கு எழுப்புகிறோம்’ என்று எழுதினாள். ஐந்தாவதை அப்படியே விட்டுவிட்டுக் குழம்பைக் கிளறப் போனாள். அற்புதராஜ் மறுநாள் எழுந்து, மனைவி சொல்வது சரி என்று ஒப்புக்கொண்டு, ஆறு நாளுக்குப் புது அட்டவணை போட்டார். எல்லாம் பச்சை. ஒன்பதிலிருந்து பத்து வரை ஓய்வு, பத்திலிருந்து பதினொன்று வரை மொட்டை மாடியில் ஓய்வு, இரண்டு இருபதுக்குத் தண்ணீர்த் தொட்டிப் படியில் கொய்யாக்காய். நல்ல உருப்படி எந்த நிலைமையில் வந்ததோ அந்த நிலைமையை அப்படியே திரும்ப உண்டாக்குவது என்பது அவர் படித்த பாடம். ப்ரீதாவும் சொன்னபடி போய் உட்கார்ந்து தின்றாள். அப்பா கீழே கையில் கடிகாரத்தோடு நின்றார். மூன்று பந்தும் பாதி உயரம் இறங்கி, அங்கேயே நின்றுவிட்டன. இப்போது எல்லோருக்கும் எலுமிச்சங்காய் அளவுக்குத் தெளிவாகத் தெரிந்தன. நாலாம் நாள் ப்ரீதாவுக்குக் கொய்யாக்காய் ஒத்துக்கொள்ளாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டது.

முப்பதாம் தேதி ஞாயிறு. பழைய ஊதாக் கட்டத்தின்படி நாலு மணிக்கு ப்ரீதா தானாகவே கதவைச் சாத்திக்கொண்டாள். நாலு இருபதுக்கு அற்புதராஜ் கதவைத் திறந்தபோது அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, முஷ்டியை மடக்கி, கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் நனைந்திருந்தது. “வரலப்பா. எவ்ளோ ட்ரை பண்ணாலும் கோவம் வர மாட்டேங்குது. நான் என்னப்பா பண்ணட்டும்?” என்றாள். தன் பிள்ளை தனக்காகக் கோபப்படக்கூட முயற்சி செய்கிறாள் என்று கண்டபோது அற்புதராஜுக்கு வெட்கமாக இருந்தது. அவர் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. முனிவேல் ஓசூரிலும், வேறு ஆட்கள் மற்ற இரண்டு இடத்திலும் தயாராகக் காத்திருந்தார்கள். ஃபோன் மூன்று முறை அடித்தது. அவர் எடுக்கவில்லை. கட்டிலில் மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தெருவில் ஐந்து மணிப் பால்காரர் மணியடித்துக்கொண்டு போனதும் எழுந்து போய், மேசை மேலிருந்த தாளில் ஐந்தாவது ஏனுக்கு நேரே தன் பெயரை எழுதிக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தார்.

“லிஸ்ட்ட மூடிட்டாங்கம்மா. போவட்டும் விடு. தப்பு என்னோடது,” என்றார்.

ப்ரீதா தாளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். “போவட்டுமா?” என்றாள். “இந்த ஒரு வார்த்தைய சொல்றதுக்கு உங்களுக்கு ஆறு வருசம் ஆச்சா?” என்று ஆரம்பித்தவள் ஐம்பது நிமிடம் நிறுத்தவில்லை. சேலத்தில் உடைந்த ராக்கெட், காய்ச்சலோடு ஆடிய மூன்று ஆட்டங்கள், போக முடியாமல் போன தோழி அனிதாவின் பிறந்தநாள், அந்தக் கவிழ்த்த உள்ளங்கை, கொய்யாக்காய் என்று ஒன்றையும் விடவில்லை. எதிர் வீட்டார் டி.வி.யை அணைத்துவிட்டுக் கேட்டார்கள். கம்பெனி பஸ் டிரைவர் மதுரைவீரன் தெருமுனையில் இன்ஜினை நிறுத்திவிட்டார், ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அற்புதராஜ் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை, கையையும் அமுக்கவில்லை. ஐந்து பதினைந்துக்கு ஓசூர்ப் பந்து இறங்கியது. ஐந்தரைக்கு அத்திப்பள்ளி. ஆறு அடிக்கக் கொஞ்சம் இருக்கையில் கிருஷ்ணகிரி. முதல் இரண்டும் உள்ளே விழுந்தன, ப்ரீதாவுக்குப் பாயிண்ட். மூன்றாவதை சௌமியா நோட்டை மூடி வைத்துவிட்டு எழுந்து, ஆளில்லாத எதிர்ப் பக்கத்துக்கு அழகாகத் திருப்பி அடித்துவிட்டு வீட்டுக்குப் போனாள். முகாமுக்கு வேறு எட்டுப் பேர் போனார்கள்.

அட்டவணை இருந்த இடத்தில் இப்போது ஃபிரிட்ஜ் கதவு மட்டும் இருந்தது. ப்ரீதா இரண்டு வாரம் பத்து மணி வரை தூங்கினாள், பிறகு வாரத்தில் மூன்று நாள் ஆடப் போகிறேன் என்றாள். மே கடைசி ஞாயிறு மாலை அற்புதராஜ் அவளோடு கோர்ட்டுக்குப் போய், உட்கார இடம் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மாதவனுடைய ராக்கெட்டை அவர் கையில் கொடுத்து, எதிர்ப் பக்கம் போய் நின்று, “சும்மா ஒண்ணு அடிங்கப்பா,” என்றாள். இத்தனை வருடத்தில் அவர் ராக்கெட்டைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறாரே தவிர அதனால் எதையும் அடித்ததில்லை. தோசைக்கரண்டியைப் பிடிப்பது போலப் பிடித்தார். தொழிற்சாலையில் அவர் போட்ட திட்டத்தை மேனேஜர் கடைசி நிமிடத்தில் மாற்றாத நாளில்லை. ஒவ்வொரு முறையும் “சரிங்க சார்” என்று சொல்லி அழித்து எழுதியவர் அவர். அவர் குரலை உயர்த்தி யாரும் பார்த்ததில்லை. ப்ரீதா மெதுவாக ஒரு பந்தைத் தட்டிவிட்டாள். அவர் அடித்தார்.

அது நேராக மேலே போனது. முதலில் ப்ரீதா சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, வலைக்கு மேலாக அப்பாவின் முகத்தை வெகு நேரம் பார்த்தாள். இருட்டத் தொடங்கியதும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்கள். ப்ரீதாவின் எந்தப் பந்தையும் விட அது உயரமாக நிற்கிறது, வெயில் சாயும் நேரத்தில் மட்டும்தான் தெரியும். மூன்று வருடம் ஆகிறது. ப்ரீதா பல போட்டிகளுக்குப் போகிறாள், சிலவற்றில் ஜெயிக்கிறாள், கத்தியதற்காக இரண்டு முறை எச்சரிக்கை வாங்கியிருக்கிறாள். அப்பாவுக்கு லீவு நாளான ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவள் எந்தப் போட்டிக்கும் பெயர் கொடுக்காமல் அந்தக் கோர்ட்டிலேயே இருக்கிறாள். அப்பாவின் பந்து இறங்கும்போது எதிர்ப் பக்கம் ஆள் இருக்க வேண்டும் என்பது விதி.