ஒரு பந்து, இரண்டு மட்டை

என் மனிசன் செல்வரத்தினத்துக்கு ஒரு வியாதி உண்டு. என்னிடம் யார் எதைக் கேட்டாலும் பதில் அவருடைய வாயிலிருந்துதான் வரும். டொக்டர் என் முகத்தைப் பார்த்து "எங்கே வலிக்கிறது?" என்று கேட்பார். "இடுப்பில், இரண்டு கிழமையாக" என்று இவர் சொல்வார். எனக்கு வலித்தது தோள்மூட்டு. கடையில் தேத்தண்ணி ஊற்றுகிறவள் சீனி வேணுமா என்று என்னைக் கேட்டால் இவர் "வேண்டாம்" என்று கையை ஆட்டுவார். எனக்குச் சீனி வேண்டும், ஐயா! நான் ஒன்றும் ஊமை இல்லை. ரதிதேவி என்றால் எங்கள் ஆஸ்பத்திரியின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எல்லாருக்கும் கொஞ்சம் பயம். அங்கே நான் இங்கிலீஷில்தான் சண்டை பிடிக்கிறேன்.

மனிசனுக்கு ஓக்லாந்து நகரசபையில் எஞ்சினியர் வேலை. மேலதிகாரி கொல்ஃப் விளையாடுகிறார் என்று இவரும் மட்டை வாங்கினார். சனிக்கிழமைகளில் இவர் கொல்ஃபுக்குப் போக, நான் ஆஸ்பத்திரிப் பெண்களோடு ஊருக்கு வெளியே வைட்டாக்கரே மலைக்கு நடக்கப் போவேன். சேறும் மழையுமாகத் திரும்பி வந்து சப்பாத்தைக் கழற்றும்போது, "மலை ஏறி என்னத்தைக் கண்டனீர்?" என்பார். வெள்ளைப் பந்தை ஒரு குழிக்குள் தள்ளிவிட்டு வந்தவர் கேட்கிற கேள்வி அது.

1996ஆம் வருஷம் அவருடைய கிளப் அறிவித்தல் பலகையில் ஒரு போட்டி வந்தது. புருஷனும் பெண்சாதியும் சோடியாக விளையாட வேண்டும். பரிசு கொடுத்தது ஒரு பயண முகவர்: ஸ்கொட்லாந்துக்குப் போய்வர இரண்டு விமானச் சீட்டு, அங்கே ஒரு லொக் கரையில் ஒரு கிழமைக்குச் சின்ன வீடு. லொக் என்றால் அவர்கள் ஊரில் பெரிய ஏரி. முகவர் கொடுத்த விளம்பரத் தாளில் மூன்று படம் இருந்தது. ஒன்றில் கொல்ஃப் மைதானம். ஒன்றில் தண்ணீரோரம் கல்லால் கட்டின வீடுகள் உள்ள கிராமம். மூன்றாவதில் ஏரிக்கு மேலே மலை, மலை முதுகில் ஒரு ஒற்றையடிப் பாதை, அதில் தடியோடு தனியே நடக்கிற ஒரு பெண்.

அந்த மூன்றாவது படத்தை நான் வெட்டி எடுத்து ஆஸ்பத்திரி லொக்கருக்குள் ஒட்டினேன். எனக்கு அந்தப் பாதை வேண்டும். ஒரு கிழமை, ஒரே ஒரு கிழமை, காலையில் கதவைத் திறந்துகொண்டு தனியே மலைக்குப் போக வேண்டும். வழியில் யாராவது "எங்கே போகிறாய்?" என்று கேட்டால் நான் என் வாயால் பதில் சொல்ல வேண்டும். சொந்தக் காசில் போகலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்காக, விலை கூடின எப்சம் பக்கத்தில் வீடு வாங்கினவர்களிடம் அதைக் கேளாதீர்கள். மோர்ட்கேஜ் என்கிற வீட்டுக் கடனைக் கட்டினால் மிச்சம் பஸ்ஸுக்குத்தான் காணும்.

"நீங்கள் காலமை கொல்ஃபுக்குப் போங்கோ. நான் மலைக்குப் போறன். பின்னேரம் சந்திப்பம். சம்மதமெண்டால் நான் விளையாட வாறன்" என்று அவரிடம் சொன்னேன்.

"ஓமோம், அதுக்கென்ன" என்றார்.

நான் மட்டை பிடிக்கப் பழகினேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், மூன்று மாதத்தில் மனிசனை விட நேராக அடித்தேன். அவர் பலத்தோடு அடிப்பார், பந்து காட்டுக்குள் போகும். நான் மெல்ல அடிப்பேன், பந்து பாதையில் கிடக்கும்.

இந்தப் போட்டியின் விதி விசித்திரமானது. ஒரு சோடிக்கு ஒரே பந்து. அதை இருவரும் மாறி மாறி அடிக்க வேண்டும். அவர் அடித்தால் அடுத்தது நான், நான் அடித்தால் அடுத்தது அவர். முறை தவறி ஒருவரே இரண்டு தரம் அடித்தால் அந்தக் குழி எதிராளிக்குப் போய்விடும். மொத்தம் பதினெட்டுக் குழி. ஒவ்வொரு குழியையும் குறைந்த அடியில் முடிக்கிறவர்கள் அதை வெல்வார்கள். கூடுதலான குழிகளை வென்றவர்களுக்கே போட்டியில் வெற்றி. எவன் கண்டுபிடித்தானோ தெரியாது, கலியாணம் கட்டாதவனாகத்தான் இருப்பான்.

மனிசன் பந்தை எனக்கு எங்கெங்கே விட்டுவைத்தார் தெரியுமா? மட்டையைச் சுற்றிப் பிடிக்கிற கிகுயு புல்லுக்குள், மரவேருக்கு அடியில், மணலுக்குள், ஒரு தரம் வாத்துக்கூட்டுக்குப் பக்கத்தில். அந்த வாத்து என்னைக் கலைத்துக்கொண்டு வந்தது. நான் அதையெல்லாம் வெளியே எடுத்துக் கொடுத்தேன். வென்றால் கிளப்பில் "நான் அடிச்ச அடி" என்பார். தோற்ற குழிக்கு "இவ விட்ட பிழை" என்பார். மூன்று சுற்றை இப்படி நாயும் பூனையுமாக வென்று இறுதிக்கு வந்துவிட்டோம்.

இறுதிப்போட்டி நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெயில், மழை, காற்று, திரும்பவும் வெயில், எல்லாம் ஒரு மணித்தியாலத்துக்குள் வருகிற ஓக்லாந்து நாள். எதிராளிகள் ஹ்யூ, ஐலீன் என்ற வயதான வெள்ளைக்காரத் தம்பதி. ஹ்யூ தொடக்கத்திலேயே என் மனிசனிடம் "உங்கள் ஊரில் புல் முளைக்குமா?" என்று கேட்டார். குழிக்குப் பக்கத்தில் கிடக்கிற பந்தை, எதிராளி "சரி, எடுத்துக்கொள்" என்று விட்டுக்கொடுப்பது அங்கே வழக்கம். அந்த மனுஷன் காலையிலிருந்து ஒன்றையும் விட்டுக்கொடுக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்று எல்லாவற்றையும் எங்களை அடிக்கவைத்துப் பார்த்தார். என் மனிசன் அவருக்குப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பதினாறாவது குழிக்குப் போகும்போது மழை கொட்டியது. நாலு பேரும் ஒரு பொஹுட்டுகாவா மரத்தின் கீழ் ஒதுங்கினோம். ஐலீன் பிறந்தது அந்த லொக் பக்கத்துக் கிராமமொன்றில் என்று அப்போதுதான் தெரிந்தது.

"நீ மலை ஏறுகிறவளாமே" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். "வென்றால் எந்தப் பாதையில் ஏறப் போகிறாய்? தேவாலயத்துக்குப் பின்னால் ஒன்று இருக்கிறது, மேலே போனால் ஏரி முழுவதும் தெரியும்."

அந்தப் பாதையைப் பற்றி நூறு கேள்வி கேட்க வாயைத் திறந்தேன்.

"இல்லை, இல்லை" என்றார் என் மனிசன். "இவளுக்குக் குளிர் ஒத்துவராது. வீட்டில் இருப்பாள். லண்டனிலிருந்து என் தம்பி வருகிறான். நானும் அவனும் கொல்ஃப் விளையாடுவோம், இவள் சமைப்பாள்."

ஐலீன் என்னைப் பார்த்தாள். நான் மனிசனைப் பார்த்தேன்.

"என்ன சொன்னனீங்கள்?" என்று தமிழில் கேட்டேன்.

"பிறகு கதைப்பம்."

"இப்ப கதையுங்கோ. தம்பி வாறது எப்ப முடிவானது?"

"போன கிழமை போன் எடுத்தனான். அவன் லீவும் போட்டிட்டான். உமக்கென்ன, அவனும் சோறு கறி கண்டு எவ்வளவு காலம்! ரெண்டு நேரம் சமைச்சுப் போட்டால் குறைஞ்சா போவீர்?"

"நான் மலைக்குப் போறனெண்டு சொன்னதுக்கு ஓமெண்டு சொன்னனீங்களே!"

"அட, ஓமெண்டு சொல்லாட்டி நீர் விளையாட வந்திருப்பீரே?"

சிரித்துக்கொண்டு சொன்னார். மட்டை கையில்தான் இருந்தது. கடவுளே, அந்த இடத்திலேயே போட்டுத் தள்ளியிருப்பேன். மூன்று மாதம் வெயிலிலும் மழையிலும் நின்று நான் பழகினது லண்டன் தம்பிக்குக் கத்தரிக்காய்க் குழம்பு வைக்கவா? நாசமாய்ப் போன மனிசன்!

மழை விட்டது. அந்தக் குழியில் மனிசன் பந்தைத் தண்ணீருக்குள் அடித்தார். நாங்கள் ஒரு குழி பின்தங்கினோம். விட்டுத்தொலை, தோற்றுப் போகட்டும் என்று எனக்கு ஒரு தரம் தோன்றியது. பிறகு யோசித்தேன். சீட்டில் என் பெயர் இருக்கும். அங்கே போய் இறங்கின பிறகு, விடிய எழும்பிச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தால் எவன் என்னைத் தடுப்பான்? அண்ணனும் தம்பியும் கடையில் பாண் வாங்கித் தின்னட்டும். முதலில் வெல்ல வேண்டும்.

பதினேழாவது குழியில் பந்து கிரீனின், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டின புல்தரையின், ஒரு மூலையில் கிடந்தது, குழி மறு மூலையில். என் முறை. பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினேன். பந்து வளைந்து வளைந்து போய் உள்ளே விழுந்தது. ஐலீன் கை தட்டினாள். இரண்டு பக்கமும் சமம். கடைசிக் குழிதான் மிச்சம்.

கடைசிக் குழியில் முதல் அடி மனிசனுடையது. நன்றாகத்தான் அடித்தார். இரண்டாவது நான். பந்தைக் கிரீனில் கொண்டுபோய் வைத்தேன். எதிராளிகள் மணலுக்குள் விழுந்து, வெளியே வந்து, தடுமாறி, ஐந்து அடியில் முடித்தார்கள். எங்களுடைய மூன்றாவது அடி மனிசனுடையது. தூரத்திலிருந்து தட்டினார். பந்து உருண்டு வந்து குழியின் விளிம்பில், விழவா விடவா என்று நின்றுவிட்டது. ஒரு விரலளவு தூரம். கண்ணை மூடிக்கொண்டு தட்டினாலும் விழும். நாலாவது அடி. அதோடு வெற்றி. அது என் முறை.

நான் மட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். நாலு எட்டு வைத்திருப்பேன். மனிசன் வந்த வேகத்திலேயே ஒரு கையால் மட்டையை நீட்டிப் பந்தை உள்ளே தட்டிவிட்டு, இரண்டு கையையும் மேலே தூக்கினார்.

ஏமாற்ற நினைத்துச் செய்யவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். நான் ஒருத்தி அங்கே வந்துகொண்டிருந்தது அவர் கண்ணில் படவேயில்லை.

வேறு யாரும் கவனிக்கவில்லை. ஹ்யூ குனிந்து தன் பையைக் கட்டிக்கொண்டிருந்தார். ஐலீன் முதுகைக் காட்டிக்கொண்டு தொப்பியிலிருந்த தண்ணீரை உதறினாள். கிளப் கப்டன் பாரி தூரத்திலிருந்து குடையோடு வந்துகொண்டிருந்தார்.

"அது என்ர அடி" என்றேன்.

மனிசன் திரும்பிப் பார்த்தார். முகம் ஒரு கணம் செத்துப் போனது. பிறகு சுற்றுமுற்றும் பார்த்தார்.

"ஒருத்தரும் காணேல்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரி" என்றார்.

பாரி வந்து அவருடைய கையைக் குலுக்கினார். பிறகு என் பக்கம் திரும்பி, "எப்படி இருக்கிறது, ரதி? ஸ்கொட்லாந்து போகிறாயே!" என்றார்.

நான் தமிழிலேயே திரும்பவும் சொன்னேன். "அது என்ர அடி. நீங்கள் அடிச்சது பிழை. நீங்களே சொல்லுங்கோ."

"என்ன சொல்கிறாள்?" என்று பாரி கேட்டார், மனிசனிடம்.

"சந்தோஷத்தில் பேச்சு வரவில்லையாம்" என்றார் மனிசன். "எல்லாருக்கும் நன்றி சொல்லச் சொல்கிறாள்."

அந்த மலை என் கண்ணுக்கு முன்னால் வந்தது, பொய் சொல்லமாட்டேன். பேசாமல் நின்றால் அது எனக்கு. ஏரி தெரியும் என்று ஐலீன் சொன்ன பாதை எனக்கு. வாயை மூடிக்கொண்டு நிற்பது எனக்குப் புதிதா?

"நான் அப்படிச் சொல்லவில்லை" என்றேன் இங்கிலீஷில். என் குரல் பரிசோதனைக் கூடத்தில் சண்டை பிடிக்கிற குரலாக வந்தது. "கடைசி அடி நான் அடிக்க வேண்டியது. இவர் அடித்துவிட்டார். இந்தக் குழி உங்களுக்கு, ஐலீன். போட்டியும் உங்களுக்குத்தான்."

பாரி மனிசனைப் பார்த்தார். "அப்படியா, செல்வா?"

"என்னைக் கேளுங்கள்" என்றேன். "சொன்னது நான்."

மனிசனுடைய வாய் திறந்தது. திரும்ப மூடிக்கொண்டு, குழியிலிருந்து பந்தை எடுக்கக் குனிந்தார். ஹ்யூ பையைப் போட்டுவிட்டு வந்து, "விதி என்றால் விதிதான்" என்று முதல் தரமாகச் சிரித்தார். "யாரும் பார்க்கவில்லையே, விட்டுவிடுவோம்" என்று ஐலீன் கெஞ்சினாள். ஹ்யூ கேட்கவில்லை. கோப்பையையும் சீட்டு வைத்த உறையையும் கொண்டுபோய்விட்டார்கள். பிறந்த ஊருக்குப் போக வேண்டியவளின் முகத்தில் சந்தோஷத்தையே காணோம்.

காரில் ஏறிக் கதவைச் சாத்தினதும் மனிசன் தொடங்கினார்.

"நீ என்ன பெரிய நீதவானோ? வெள்ளைக்காரனுக்கு முன்னால என்ர மானத்தை வாங்கிப்போட்டாய்! நாளைக்கு எந்த முகத்தோட நான் கிளப்புக்குப் போறது? லீவு போட்ட தம்பிக்கு என்ன சொல்லுறது?"

"சமைக்க ஆள் வரமாட்டாளாம் எண்டு சொல்லுங்கோ."

"விசரி! எனக்கு மட்டுமே போச்சு? உனக்கும்தானே போச்சு!"

"ஓம்" என்றேன். "எனக்கும் போச்சு."

அதைச் சொன்ன பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. கொஞ்சநஞ்ச அழுகை இல்லை. அந்த மலைக்காக அழுதேன். ஏரியை ஒரு தரம் மேலே நின்று பார்க்கக் கிடைக்காமல் போனதுக்காக வயிறெரிந்து அழுதேன். மனிசன் சிவப்பு விளக்கில் காரை நிறுத்தினார். என் அழுகையைக் கண்டு கொஞ்சம் பயந்துபோனார் போல. குரலைத் தணித்து, "சரி சரி, அழாதையும்" என்றார். "விழுற பந்துதானே. ஆர் தட்டினால் என்னெண்டு நினைச்சிட்டன்."

நான் மூக்கைச் சிந்திவிட்டு அவர் பக்கம் திரும்பினேன்.

"ஒரு விரலளவு, இஞ்சாருங்கோ. ஒரு விரலளவுதான் மிச்சம் கிடந்தது. அதைக்கூட எனக்கெண்டு விட உங்களுக்கு மனம் வரேல்லையே."