நசுங்காத எலுமிச்சம்பழம்

சத்தியம் செய்வதென்றால் சூடத்தை ஏற்றி அணைப்பதுதான் முறை. காகிதத்தின்மேல் ஏற்றினால் கதையும் சேர்ந்து எரிந்துவிடும் என்பதால், வாசிக்கிறவர்கள் அவரவர் வீட்டில் ஒரு கட்டி ஏற்றிவைக்கவும். நான் இங்கிருந்தபடியே அணைத்துக்கொள்கிறேன். ஆயிற்றா? இனி நான் சொல்வதில் ஒரு எழுத்து பொய்யென்றால், எனக்கு இந்த ஜன்மத்தில் தயிர்சாதம் கிடைக்காமல் போகட்டும். இதற்கு மேல் பெரிய சத்தியம் எங்கள் வம்சத்தில் கிடையாது.

இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம் நடந்தது. அதற்கு முந்தைய இரண்டு வருஷமும் தாம்பரத்தில் தண்ணீருக்கு நாய் படாத பாடு. சேலையூர்ப் பக்கம் எங்கள் தெருவில் கிணறுகளெல்லாம் அடிவயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தன. போர் போட்டவர்கள் இன்னும் ஆழமாகப் போட்டுப் பார்த்தார்கள், உப்புதான் வந்தது. எங்கள் வீட்டுக் கிணறு மட்டும் வற்றவும் இல்லை, கரிக்கவும் இல்லை. காலையில் என் மனைவி சாவித்ரி கிணற்றடியில் நின்றுகொண்டு, வீட்டுக்கு இரண்டு குடம் என்று தெருவுக்கே தண்ணீர் விட்டாள். லாரிக்கு முன்னால் குடுமிப்பிடிச் சண்டை போட்ட பெண்கள் அவள் எதிரில் வாயைத் திறக்கமாட்டார்கள். அந்தக் கிணறு போனால் தெருவே போயிற்று. இனி வருவதெல்லாம் அதைப் பற்றித்தான்.

ஆடி மாதத்தில் யாரும் வண்டி வாங்கமாட்டார்கள். அதனாலேயே ஆடியில் வண்டி சல்லிசு. அஸ்தினாபுரத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த நசீருதீன், அந்த வழியாகப் போன என்னைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

"சார், ஒரு பொருள் வந்துகீது. பார்த்துட்டு மட்டும் போங்க. வாங்க வேணாம்."

வாங்க வேண்டாம் என்று ஒரு வியாபாரி சொல்லிவிட்டால் பொருள் விற்றுப்போனதாக அர்த்தம். மூலையில் கிடந்த கோணியை விலக்கினார். சைக்கிள்தான். ஆனால் டயர் ஒவ்வொன்றும் என் தொடை கனம். ரப்பர் முழுக்கப் பல் பல்லாக வெட்டியிருந்தது.

"ஃபேட் பைக்குன்னு பேரு. ஐஸ் மேல ஓட்டற வண்டி சார். ஹார்பர்ல எவனோ அம்போன்னு வுட்டுட்டுப் போயிட்டான். ஏலத்துல எடுத்தேன்."

"தாம்பரத்துல ஐஸ் ஏதுய்யா?"

"அதான் சார் பேஜாரா கீது. எவனும் தொட மாட்டேன்றான்."

நான் தொட்டேன். கட்டைவிரலால் டயரை அமுக்கினேன். ஆறிப்போன இட்லி மாதிரி அமுங்கி, நிதானமாக எழும்பி, விரலை எனக்கே திருப்பிக் கொடுத்தது. அதோடு நான் தொலைந்தேன். ஹேண்டில்பார் எருமைக் கொம்பு அகலத்துக்கு இருந்தது. சீட்டில் உட்கார்ந்தால் கல்யாண வீட்டு நாற்காலியில் உட்கார்ந்த மதிப்பு. மணியை அடித்தேன். அடித்த சத்தம் ஓயாமல், கிணற்றுக்குள் விழுந்ததுபோல் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டிருந்தது.

பணத்தை வாங்கிக்கொண்ட பிறகுதான் நசீருதீன் அதைச் சொன்னார். "காத்து மட்டும் நீங்களா அடிக்காதீங்க சார். நானும் இதுவரைக்கும் அடிக்கல. வந்த அன்னிக்கு ரெண்டு டயரும் சப்பையா இருந்துச்சு. கடையில மழை ஒழுகிச்சு பாருங்க, அன்னிக்கு எழுந்து நின்னுகிச்சு."

வியாபாரத்தில் இப்படி ஏதாவது சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அஸ்தினாபுரத்திலிருந்து செம்பாக்கம் வழியாக வீட்டுக்கு ஓட்டிவந்த சுகத்தை என்னவென்று சொல்வேன்! டெலிபோன்காரன் ஒரு பக்கம், சாக்கடைக்காரன் ஒரு பக்கம் தோண்டிப்போட்ட ரோடு. மற்ற சைக்கிள் குழியில் இறங்கி, எகிறி, சாபம் கொடுத்துக்கொண்டு ஏறும். இது குழியைத் தலையில் தடவிக்கொடுத்துவிட்டுப் போயிற்று. ஜல்லி, மணல், ஸ்பீட் பிரேக்கர், தூங்குகிற நாயின் வால் எல்லாம் அதற்கு ஒன்றுதான். நாய் எழுந்திருக்கக்கூட இல்லை. எத்தனையோ வருஷமாக என் முதுகெலும்புகள் ஒன்றையொன்று நலம் விசாரித்துக்கொண்டிருந்தன. அன்றைக்குத்தான் பேச்சை நிறுத்தின.

எங்கள் தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டில் லாசரஸ் இருந்தான்.

"இன்னா சார், சைக்கிளுக்கு யானைக்கால் வந்துகீதா? ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறியா?"

"பொறாமைப்படாதேடா லாசரஸ்."

"பொறாமையா? அத்த அப்பிடி ஓரமா ஓட்டு சார். என் வண்டி மிரளுது."

வாசலில் சாவித்ரி நின்றிருந்தாள். "ஆடியில போய் வண்டி வாங்கிண்டு வந்திருக்கேளே! ஒரு எலுமிச்சம்பழமாவது வெச்சு ஏத்தாம உள்ள கொண்டுவராதேங்கோ."

முன்சக்கரத்தின் அடியில் ஒரு பழம், பின்சக்கரத்தின் அடியில் ஒரு பழம். நான் ஏறி மிதித்தேன். 'பச்' என்று ஒரு சத்தம் வரவேண்டும். வரவில்லை. இறங்கிப் பார்த்தால் இரண்டு பழமும் வைத்தபடியே இருந்தன. பின்னால் தள்ளி மறுபடி ஏற்றினேன். பழம் நசுங்கவில்லை.

"டயர் மெத்துனு இருக்கு. அதான் நசுங்கலை," என்று விஞ்ஞானம் சொன்னேன்.

சாவித்ரி பழங்களை எடுத்துப்போய் அரிவாள்மணையில் நறுக்கினாள். தோல் பளபளவென்று இருந்தது. உள்ளே சுளை பஞ்சாகக் காய்ந்திருந்தது. பிழிந்தால் காற்று வந்தது.

"இது பழத்தை நசுக்கலை," என்றாள். "குடிச்சிருக்கு."

அதற்குப் பிறகும் நான் அதை ஓட்டினேன். புத்தியுள்ளவன் ஓட்டமாட்டான். ஆனால் புத்தியுள்ளவன் அந்த டயர்மேல் செம்பாக்கம் ஏரிக்கரைச் சேற்றில் போனதில்லை. எருமைக்கே முழங்கால் புதைகிற சேறு; நான் ஊர்வலம்போல் போனேன். கோவிலம்பாக்கத்துப் பக்கம் மணலில் போனேன். பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரமாக, மனுஷன் கால் வைக்காத இடத்தில், காற்று வேட்டிக்குள் புகுந்து பலூனாக்க, பாடிக்கொண்டே போனேன்.

ஒருநாள் திரும்பிப் பார்த்தேன். சேற்றில் சக்கரம் போனால் ஈரத்தடம் விழவேண்டும். எனக்குப் பின்னால் விழுந்திருந்தது காய்ந்த தடம். பாளம் பாளமாக வெடித்த மண். ஒரு குட்டையின் நடுவே இறங்கி மறுகரை ஏறினேன். திரும்பினால் குட்டை இல்லை. தரையில் கெண்டைக் குஞ்சுகள் துள்ளிக்கொண்டிருந்தன. அன்றிலிருந்து கொக்குகள் என் பின்னால் வர ஆரம்பித்தன. பறந்து வந்தாலாவது பரவாயில்லை. சத்தம் போடாமல், வரிசையாக, நடந்தே வந்தன.

டயர் பெருத்துக்கொண்டே போயிற்று. நான் காற்று அடிக்கவில்லை.

கிணற்றில் முதலில் கவனித்தவள் பேபி. தெருக்கோடியில் குடியிருந்த கீரைக்காரி. காலையில் முதல் குடம் அவளுடையது.

"அம்மா, கவுறு பத்தல. நேத்து எட்டின தண்ணி இன்னிக்கு எட்டல."

சாவித்ரி இன்னொரு கயிற்றை முடிந்தாள். சில நாளில் அதுவும் போதவில்லை. பேபி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு என் வண்டியையே பார்த்தாள். "கெணத்துல தண்ணி எறங்க எறங்க அய்யரு சைக்கிளு கொழுத்துகினே போவுது. எனக்கு இன்னாத்துக்கு வம்பு," என்று முணுமுணுத்துவிட்டுப் போனாள்.

நான் வண்டியைக் கேட்டைப் பார்த்து நிறுத்துவேன். காலையில் முன்சக்கரம் கிணற்றைப் பார்த்துத் திரும்பியிருக்கும். கொல்லைப்புறம் மாமரத்தில் சங்கிலி போட்டுக் கட்டினேன். சங்கிலி இறுக, கழுத்தை வளைத்துக்கொண்டு அங்கிருந்தும் கிணற்றையே பார்த்தது. வாசல் தெளித்த ஈரம் சாவித்ரி கோலத்துக்குப் புள்ளி வைப்பதற்குள் மாயமாயிற்று. துளசி சருகாயிற்று. வண்டிக்குப் பக்கத்தில் காபியை வைத்துவிட்டுப் பேப்பரைப் புரட்டினேன். எடுத்தபோது டம்ளரின் அடியில் சர்க்கரை மட்டும் இருந்தது.

தெருவில் ஆளரவமில்லாத ஒரு மத்தியானம் முன்டயரில் காதை வைத்துக் கேட்டேன். உள்ளே காற்று இல்லை. தண்ணீர் தளும்பியது. ராட்டினம் கிறீச்சிட்டது. தவளை ஒன்று கத்தியது. அப்புறம், ரொம்ப ஆழத்திலிருந்து, "பேபி, ரெண்டு குடந்தான்னு சொன்னேனோல்லியோ!" என்று சாவித்ரியின் குரல். சாவித்ரி அப்போது எனக்குப் பின்னால் நின்றிருந்தாள். வாயைத் திறக்கவில்லை. அவள் முகம் வெளுத்திருந்தது. அது அவள் போன மாதம் பேசிய பேச்சு.

ஐப்பசி பிறந்தது. ஒரு காலையில் பேபி இறக்கிய குடம் கிணற்றுக்குள் 'ணங்' என்று பாறையில் உட்கார்ந்தது. வரிசையில் நின்ற பெண்கள் குடத்தை என் பக்கம் கவிழ்த்துக் காட்டினார்கள். திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். காலிக் குடங்களோடு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சாவித்ரி மட்டும் பேசினாள். "இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள இவாளுக்குத் தண்ணி விடலைன்னா, நான் இனிமே இந்தக் கிணத்தடியில நிக்க மாட்டேன். கிணறு வேணுமா, அந்தப் பூதம் வேணுமா? நீங்களே சொல்லிடுங்கோ."

வண்டியை நசீருதீனிடம் கொண்டுபோனேன். அவர் டயரில் காதை வைத்தார். மெதுவாக எழுந்து இரண்டடி பின்னால் போனார்.

"சார், உள்ள உங்க வூட்டம்மா பேசறாங்க."

"தெரியும். வால்வைப் பிடுங்கும்."

"இங்கயா? என் கடை ரோட்டை விடப் பள்ளத்துல கீது சார். நான் புள்ளகுட்டிக்காரன். எங்க குடிச்சுதோ அங்கயே கொண்டுபோய்த் தொறங்க. பார்த்துப் போங்க. வழியில ஒரு முள்ளு ஏறிச்சுன்னா உங்க கெணறு நடுரோட்டுல போயிடும்."

அப்படித்தான் என் கடைசிச் சவாரி தொடங்கியது. தெருவின் குடிதண்ணீர் முழுக்க என் கால்களுக்கு நடுவில் தளும்பிக்கொண்டிருந்தது. செம்பாக்கம் வளைவில் யாரோ சீமைக் கருவேலத்தை வெட்டி ரோட்டோரம் நெடுகப் போட்டிருந்தார்கள். விரல் நீளத்துக்கு வெள்ளை முள். பட்டப்பகலில் வானம் அடுப்புக்கரியாக இருண்டது. ஒரு சொட்டு விழவில்லை. மேகம் மொத்தமும் என் தலைக்கு மேலேயே, நான் போகிற வேகத்திலேயே வந்தது. பின்னால் கொக்குகள்.

எதிரில் வந்த லாசரஸ் ஆட்டோவை நிறுத்தினான். அன்றைக்குக் கேலி பேசவில்லை. "சார், இன்னா சார் இது? வண்டிய மேல கட்டிக்கலாம், ஏறிக்கோ."

"வேண்டாம்டா. உன் பெட்ரோலையும் குடிச்சிடும்."

நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டான். பிறகு வண்டியைத் திருப்பி எனக்கு முன்னால் விட்டான். முள் கண்ட இடத்திலெல்லாம் இறங்கிக் காலால் ஒதுக்கினான். அவன் ஒதுக்க ஒதுக்க நான் உருண்டேன். உள்ளதைச் சொன்னால், அவ்வளவு பயத்திலும் அந்தச் சவாரி வெண்ணெயாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

எங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது டயர் இரண்டும் பெருத்து, சட்டத்தில் முட்டி, சுற்றாமல் நின்றுவிட்டன. நானும் லாசரஸும் பேபியும் குடத்தை வைத்துவிட்டு வந்த பெண்களும் சேர்ந்து இழுத்து, முன்சக்கரத்தைக் கிணற்றுச் சுவரின்மேல் ஏற்றினோம். கிணற்றைக் கண்டதும் வண்டி உடம்பை விறைத்தது. வால்வு அசையவில்லை.

சாவித்ரி தாலிச் சரட்டில் கோத்திருந்த ஊக்குகளில் ஒன்றைக் கழற்றினாள். கண்ணை மூடிக்கொண்டு குத்தினாள்.

முதலில் சத்தம்தான் வந்தது. ராட்டினம், தவளை, குடங்கள் இடிபடுவது, ஆடியிலிருந்து ஐப்பசி வரைக்கும் சாவித்ரி போட்ட அதட்டல் அத்தனையும், தேதி வரிசை தப்பாமல். பிறகு தண்ணீர். பாறை மறைந்தது, உறை உறையாக ஏறி, குனிந்து கையாலேயே அள்ளலாம் என்கிற மட்டத்தில் நின்றது. முன்டயர் சொத்தென்று தொங்கியது. பேபி ஒரு வாய் அள்ளிக் குடித்துப் பார்த்துவிட்டு, "நம்ம தண்ணிதாம்மா," என்றாள்.

பின்டயர் அப்படியே புடைத்து நின்றது. சாவித்ரி அதைத் தொட்டுப் பார்த்துக் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "ஐயோ, ஜில்லுனு இருக்கு. இது நம்மளது இல்லை. குத்தாதேங்கோ."

யாரும் குத்தவில்லை. அது தானாகப் பெருமூச்சு விட்டது.

அதற்குப் பிறகு அந்த மழைக்காலத்தில் தாம்பரமே வெள்ளத்தில் மிதந்தது எல்லோருக்கும் தெரியும். பேப்பரில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்று போட்டார்கள். நான் மறுத்து எழுதவில்லை. எனக்குப் பேப்பர்க்காரர்களோடு பகை கிடையாது. வண்டி தண்ணீரோடு பள்ளிக்கரணைப் பக்கமாகப் போயிற்று. கொக்குகளும் பின்னாலேயே போயின. கிணறு மட்டும் அன்று ஏறிய மட்டத்திலிருந்து இறங்கவில்லை. அதை நான் கண்ணால் பார்த்தேன்: அந்த வருஷம் ஆனிக் கடைசியில், எங்கள் பெண் ப்ரியாவின் பிரசவத்துக்காக வீட்டைப் பூட்டிக்கொண்டு நியூஜெர்சிக்குப் போன நானும் சாவித்ரியும், ஆடி முதல் கார்த்திகை வரை அங்கேயே இருந்துவிட்டு, மார்கழிக் கடைசியில் திரும்பி வந்து பூட்டைத் திறந்தபோது, கிணற்றில் தண்ணீர் கைக்கெட்டும் மட்டத்தில்தான் இருந்தது.